முன் சீட்

கெம்பாவுக்குப் பதினோரு வயது.
ராயக்கோட்டை மண்டிக்குப் போகும் என் டெம்போவில்
முன் சீட் அவனுடையது.
இப்போது தாவி ஏற முடிவதில்லை.
இடுப்பில் கை கொடுத்துத் தூக்கினால்
முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்,
யார் தூக்கியது என்று தெரியாதவன் போல.

குட்டியைக் கொண்டுவந்தவன் முனிராஜ்.
சூளகிரியிலிருந்து, பைக்கில், சட்டைக்குள் வைத்து.
"வச்சுக்கோண்ணா" என்றான்.
கேட்காமல் கொண்டுவருவது எங்கள் குடும்ப வழக்கம்.

முதல் நாள் ஒரே தட்டில் வைத்தேன். என் தப்பு.
களியும் கறிச்சாறும் வாசலெல்லாம்.
குட்டியின் காதில் ஒரு கோடு ரத்தம்.
விளக்குமாற்றை எடுத்தேன்.
கெம்பா ஓடவில்லை. நின்று என்னைப் பார்த்தான்.
விளக்குமாறு மூலைக்கே திரும்பிப் போனது.

கால்நடை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் இதாயத்துல்லா
காதுக்கு மருந்து தடவிக்கொண்டே சொன்னார்:
"உறுமினா திட்டாதீங்க.
இப்ப சொல்லிட்டுக் கடிக்குது.
சொல்றத நிறுத்திட்டீங்கன்னா
சொல்லாமக் கடிக்கும்."

அதற்குப் பிறகு தட்டு இரண்டு.
பெரியவனுக்கு முதலில், வாசலில்.
சின்னவனுக்கு அப்புறம், பின்கட்டில்.
குட்டி படுத்த சாக்கை கெம்பாவுக்கும்
கெம்பாவின் சாக்கைக் குட்டிக்கும்
மாற்றி மாற்றிப் போட்டாள் கௌரம்மா.
குட்டியின் சாக்கு மேல் கெம்பா காலைத் தூக்கினான்.
"சரி, கையெழுத்துப் போட்டாச்சு" என்றாள்.

வீடு அவனுடையது, தெருவும் அவனுடையது.
இருவருக்கும் சொந்தமில்லாத இடம் எது என்று
இரண்டு நாள் யோசித்து
மண்டிக்குப் பின்னால்
தக்காளி கொட்டும் மேட்டுக்குக் கூட்டிப்போனோம்.
அன்றைக்குப் பெட்டி நாற்பது ரூபாய்.
இறக்குக் கூலிக்கே கட்டாமல்
யாரோ ஒரு லோடு முழுதும் சரித்துவிட்டுப் போயிருந்தார்கள்.
ஒரு கயிறு என் கையில், ஒன்று அவள் கையில்,
நடுவில் பத்தடி.
பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள்
ஒரே கல்யாணத்துக்குப் போவதுபோல
நடந்தோம்.
குட்டி சறுக்கி விழுந்து, புரண்டு,
தலையிலிருந்து வால்வரை சிவப்பாக எழுந்தது.
எங்கள் பக்கம் கெம்பா என்றால் சிவப்பன்தான்.
அவன் நின்றான்.
முதல் தடவையாக அதை முகர்ந்தான்.

எனக்கு ஒன்பது வயதில்
ஓசூரிலிருந்து அப்பா ஒரு பையனைக் கூட்டிவந்தார்.
நான்கு வயது. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.
"உன் தம்பி" என்றார், செருப்பைக் கழற்றிக்கொண்டே.
அம்மா அன்று அடுப்பைப் பற்ற வைக்கவில்லை.
எங்களை ஒரே பாயில் படுக்கச் சொன்னார்கள்.
கடித்தேன், தோளில்.
முனிராஜுக்கு இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது.
எனக்கு விழுந்தது பச்சைப் புளிய விளாரால்.
யாரும் எனக்கு முதலில் போட்டுவிட்டு
அவனுக்குப் போடவில்லை.
பத்தடி விட்டு நடத்தவில்லை.

இருபத்திரண்டாம் நாள், விடியாத நேரம், மழை.
கெம்பாவைத் தூக்கி சீட்டில் வைத்தேன்.
கீழே நின்று குட்டி கத்தியது.
கியர் பக்கம் ஒரு சாண் இடம் இருந்தது.
அதில் வைத்தேன்.
கெம்பா உறுமினான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
உத்தனப்பள்ளி தாண்டும்வரை உறுமினான்,
எது அவன் எது இன்ஜின் என்று பிரியாமல்.
அப்புறம் இன்ஜின் மட்டும்.

திரும்பிப் பார்த்தேன்.
அவன் வாலைத் தலைக்கு வைத்துத்
தூங்கிக்கொண்டிருந்தது குட்டி.
அவன் தூங்கவில்லை.
வாலை இழுத்துக்கொள்ளவும் இல்லை.
மைல்கல்களை எண்ணுகிறவன்போல
நனைந்த கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

மண்டியில் வண்டியை நிறுத்தி
முனிராஜுக்குப் போன் போட்டேன்.
"என்னண்ணா, இந்நேரத்துல?"
"ஒண்ணுமில்ல.
காது ஆறிடுச்சு."