பாதிப் புட்டி

பாடாங் செராய் கிளினிக்கில்
சின்னப் புட்டி ஒன்றை நீட்டி
"பாதி போதும், மக்சிக்" என்றாள் மிஸ்ஸி நோர்லீசா.

பாதிக்கு எங்கே போவேன்?
மூன்று நாளாய்ச் சொட்டுச் சொட்டாக,
மிளகாய் அரைத்த விரல் கண்ணில் பட்டாற்போல்.

இனிப்பு நீராம்.
எறும்புக்கு இனிப்பு.

செம்பனை வரிசையில்
உதிரிப்பழம் பொறுக்குகிறவளுக்கு
மறைவு ஏது?
மண்டோரின் மோட்டார் சத்தம் தேயும்வரை அடக்குவேன்.
அடக்கத் தோதாக
தண்ணீர்ப் போத்தலைத் திறக்காமலே
வீட்டுக்குக் கொண்டுபோவேன்.

வலி முதுகுக்கு ஏறி
உடம்பு நடுங்கியபிறகுதான் பஸ் ஏறினேன்.

மாத்திரை, ஏழு நாளைக்கு.
"நிறைய தண்ணீர் குடிக்கணும், அடக்கக்கூடாது."
மலாயில் சொல்லி
கையால் தமிழில் காட்டினாள்.

தலையாட்டினேன்.
பிறகு அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டேன்:
இதையே ஒரு சீட்டில் எழுது, மிஸ்ஸி,
மண்டோர் பேருக்கு.