ரெண்டு போத்தில் நல்ல தண்ணி

விழுந்தது பின்னேரம் ஐந்தே முக்கால்.
பற்றரி இருபத்திரண்டு வீதம் என்று காட்டியது,
பொய்.
கரையில் மாப்பிள்ளை
பொம்பிளையின் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி
சிரித்துக்கொண்டே நின்றார்.
நான் சொல்லும்வரை சிரிப்பை விடவேண்டாம் என்று
நான்தான் சொல்லியிருந்தேன்.
றிமோட்டின் திரை நீலமாகி, பச்சையாகி,
பிறகு ஒன்றுமில்லை.

ட்ரோன் என்னுடையதுமில்லை.
சங்கானைத் தவரூபனிடம் நாள் வாடகைக்கு எடுத்தது.

மண்டைதீவில் அந்த இடம் இடுப்பளவுத் தண்ணிதான்.
ஆனால் அது விழுந்தது வெறுங்கடலில் இல்லை,
சூசைதாசனின் அட்டைப் பண்ணையில்.
தடி நட்டு, வலை கட்டி,
இரவில் ரோச்சோடு காவல் இருக்கிற வளவு.
கேளாமல் இறங்கினால் கள்ளன்.

கேட்டேன்.
"உள்ளுக்குக் கிடக்கிறது முழுக்க அட்டை தம்பி,
மிதிச்சுப்போடாதை. நீ நில்."
கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கியவர்
நாற்பது நிமிடம் குனிந்து குனிந்து தடவினார்.
கலியாணக்காரர் ஹயஸில் ஏறிப் போய்விட்டார்கள்.
இருட்டுப்பட, சேறு ஒழுகக் கொண்டுவந்தார்,
நண்டைப் பிடிக்கிற மாதிரி
பின்பக்கத்தால்.

முதல் வேலை பற்றரியைக் கழற்றுவது.
இரண்டாவது வேலை ஒன்றும் செய்யாமல் இருப்பது.
ஒருக்கால் போட்டுப் பார்ப்பமோ என்று விரல் துடிக்கும்,
போட்டால் அத்தோடு சரி.
அரிசிக்குள் புதைக்கச் சொல்லுவார்கள்.
உப்பு அரிசிக்குப் பயப்படாது.
நல்ல தண்ணிக்குத்தான் இளகும்.

நல்ல தண்ணிக்கு எங்கே போவது?
அந்தப் பக்கக் கிணறெல்லாம் சவர்.
பவுசர் வருவது புதனும் சனியும்,
அன்றைக்குத் திங்கள்.

ஜெசிந்தாக்கா குசினிக்குள் போய்
ரெண்டு போத்தில் கொண்டுவந்து வைத்தார்.
விடியத் தேத்தண்ணிக்கு வைத்திருந்தது.
பின்னேரம் இது தலைக்கு மேலே இரைந்தபோது
கொடியில் உடுப்புப் போட்டுக்கொண்டிருந்தவர்
பாதியில் விட்டுவிட்டு உள்ளே போனதை
நான் திரையில் பார்த்திருந்தேன்,
மழைக்குணம் என்று நினைத்தேன்.

"வன்னியில உதை வண்டு எண்டுவம்."
அவ்வளவுதான் சொன்னார்.
கீழே ஒரு சட்டி வைத்து
தண்ணியை நூலாய் ஊற்றினார்,
மோட்டருக்குள், கமெராவின் கழுத்துக்குள்,
இறகு பூட்டுகிற சின்ன ஓட்டைகளுக்குள்.
சட்டியில் சேர்ந்ததை நாக்கில் தொட்டுப் பார்த்து
"இன்னும் கரிக்குது" என்றார்.
சட்டியைக் கவிழ்த்து மறுபடி ஊற்றினார்.
இரண்டாவது போத்தில் முடிகிற நேரம்
தொட்டுப் பார்த்து, துப்பிவிட்டு,
"இப்ப சரி."

எட்டு நாள் என் அறையில்
மின்விசிறிக்குக் கீழே வயிறு திறந்து கிடந்தது.
ஒன்பதாம் நாள் விளக்கு எரிந்தது.
மூன்று மோட்டர் சுற்றின.
நாலாவது பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.
தவரூபனுக்கு என்ன சொல்வதென்று இன்னும் தெரியாது.

கார்ட்டில் கடைசிக் கோப்பு
பூச்சியம் வினாடி என்று காட்டியது,
மூடப்படாமல் விழுந்த கோப்பு.
அதே கமெரா எடுத்த நல்ல கோப்பொன்றைப் பக்கத்தில் வைத்து
இப்படித்தான் நீயும் இருந்தாய் என்று காட்டினால்
சிலது எழும்பும்.
விடியப்புறம் எழும்பியது.

காசு வேண்டாம் என்றவருக்கு
அதையாவது காட்டுவம் என்று கொண்டுபோனேன்.
மாப்பிள்ளை, சேலை, சூரியன்
எல்லாவற்றையும் தள்ளச் சொன்னார்.
"நிப்பாட்டு. உதில நிப்பாட்டு."

விழுவதற்கு இரண்டு வினாடி முன்
மேலிருந்து, பண்ணை முழுவதும்.
நாலு வருடமாய்க் காலால் அளந்த இடம்.
அவருக்கு நெஞ்சு நெகிழப்போகிறது என்று
நான் பேசாமல் நின்றேன்.
போனை மூக்கடியில் பிடித்து
தடிகளை ஒவ்வொன்றாய் எண்ணினார்.
"பாத்தியே ஜெசிந்தா,
பெனடிக்ற் எங்கட பக்கம் பத்தடி வந்திருக்கிறான்!"

பெரிய கொப்பியாய் ரெண்டு அடித்துத் தரட்டாம்.
ஒன்று சங்கத்துக்கு,
ஒன்று பெனடிக்றின் படலையில் ஒட்ட.

ஜெசிந்தாக்கா கையைத் துடைத்துவிட்டு வந்து பார்த்தார்.
படத்தின் ஓரத்தில், கரையில்,
கொடியில் பாதி உடுப்பு,
மீதி வாளியில்.

"அந்த மூலையை வெட்டிப்போட்டு அடி தம்பி."