எழுபத்தொரு விநாடி

நீல மூடிக் குழாய். பட்டையில்
ஒதீல் மார்தெமூத்து, வயது முப்பத்தொன்று.
சான்-பியேர் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில்
காலை ஆறரைக்கு நான் முதலில் படிப்பது
பெயர்களைத்தான்.
காரைக்காலில் எழுத்துக் கூட்டிய கண்,
எழுத்து உதிர்ந்த இடத்தில் தடுக்கி நிற்கும்.
மருதமுத்து.
எந்தக் குமாஸ்தாவின் பேனாவோ
ஓர் உகரத்தைக் குடித்துவிட்டது.

முப்பத்தேழு டிகிரிச் சூட்டில் வைத்து
கால்சியம் ஒரு சொட்டு விட்டேன்.
கருவி எண்ணத் தொடங்கியது.
முப்பத்திரண்டில் உறைந்திருக்க வேண்டும்.
அறுபது தாண்டியும் தண்ணீராய்ப் புரண்டது.
எழுபத்தொன்று.

இந்த நோயின் குசும்பு இது:
கண்ணாடிக்குள் உறையமாட்டேன் என்று
முரண்டு பிடிக்கும் ரத்தம்
உடம்புக்குள் உறையக் காரணம் தேடி அலையும்.
தொடையில் ஒருமுறை.
நஞ்சுக்கொடியில் மூன்றுமுறை.
கோப்பில் அவை
பத்தாம் வாரம், பதினான்காம் வாரம்,
பதினெட்டாம் வாரம்.
பதினெட்டுக்குப் பக்கத்தில் மட்டும் யாரோ
பென்சிலில் 'பெண்' என்று எழுதியிருந்தார்கள்.

ஆரோக்கியமான இருபது பேரின் பிளாஸ்மாவைப்
பாதிக்குப் பாதி கலந்தேன்.
குறை என்றால் நிரம்பியிருக்கும்.
நிரம்பவில்லை. உள்ளே யாரோ இருக்கிறான்.
காவலுக்கு வைத்த ஆள்
வீட்டுக்காரியையே வாசலில் மறித்து
நீ யார் என்கிறான்.

பன்னிரண்டு வாரம் கழித்து
மறுபடி பார்க்கவேண்டும் என்பது விதி.
ஒருமுறை மறித்ததற்காகக் குற்றம் எழுதக்கூடாது,
காய்ச்சலில்கூட உளறியிருப்பான்.

அந்தப் பன்னிரண்டு வாரமும்
கரும்பு லாரிகள் சாலையெல்லாம் சோகை சிந்திப் போயின.
ஒதீல் இரண்டுமுறை தொலைபேசியில் கூப்பிட்டாள்.
மாத்திரை தின்னும்போது கீரை ஆகுமா?
என்ன கீரை?
ப்ரேத் மூரூம்.
முருங்கை, என்றது என் வாய், என்னைக் கேட்காமல்.
டாக்டர் சொன்னதைத்தான் நானும் சொன்னேன்:
ஞாயிறு தின்றால் ஞாயிறுதோறும் தின்,
திடீரென்று அள்ளாதே, திடீரென்று விடாதே.
மூருங்கே, மூருங்கே, என்று
இரண்டுதரம் சொல்லிப் பார்த்துவிட்டு வைத்தாள்.

டிசம்பரில் மறுபடி. எழுபது.
கூடவே மரபணுத் தாளும் வந்தது.
ஐந்தாம் காரணியில் ஓரெழுத்து மாறியிருக்கிறது,
ஜி இருக்கவேண்டிய இடத்தில் ஏ.
லெய்டன் என்று பெயர். ஊர் ஹாலந்தில்.
வடக்கு ஐரோப்பாவில் இருபது பேரில் ஒருவருக்கு.
காவிரிக்கரையில் தேடினால் கால் நோகும்.

எந்த மாலுமியோ, எந்தத் தோட்டத்துத் துரையோ.
கேட்டு வந்தானோ, கேளாமல் வந்தானோ.
பதிவேட்டில் ஒரு வரி இல்லை.
எழுத்து மட்டும் கைமாறிக் கைமாறி
இந்தக் குழாய்வரை வந்திருக்கிறது.
எந்தக் குமாஸ்தாவும்
இவ்வளவு பிழையின்றிப் படியெடுத்ததில்லை.

அடுத்த வாரம் அவள் தகப்பன் வந்தார்.
ரெனே மார்தெமூத்து, தீமிதிக் கோவில் தலைவர்.
மணிக்கட்டில் மஞ்சள் காப்பு, பதினான்காம் நாள் விரதம்.
எங்கள் கொடியில் அயல்தண்ணீர் பாய்ந்ததில்லை என்று
கொடியேற்றத்தன்று ஒலிபெருக்கியில் சொல்கிறவர்.
தணலில் நடக்கிற மனிதர்
ஊசியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

அவள் அம்மா வழியாக இருக்கலாமா?
இருக்கலாம்.
உங்களிடம் இல்லையென்றால்
அநேகமாக அவர் வழிதான்.

கொஞ்சநேரம் சுவரிலேயே இருந்தார்.
பாரிஸிலிருந்து வரும்போது
பதினோரு மணிநேரம் என் தோளில் சாய்ந்திருந்தாள், என்றார்.
கால் வலிக்கிறது என்றாள், தைலம் தேய்த்தேன்.
இறங்கும்போது எழுப்பினேன்.
கண்பட்டது என்றார்கள்.
நாற்பத்தோரு வயது.

பிறகு, பிரார்த்தனை சொல்கிற குரலில்,
என்னுடையதாக இருக்கட்டும், அம்மா.

முடிவு சொல்ல எனக்கு உரிமை இல்லை.
ஊதா மூடிக் குழாய். பெயரை ஒட்டினேன்.
உறைந்துவிடாதிருக்க
எட்டுமுறை, மெல்ல,
கவிழ்த்து நிமிர்த்தினேன்.