கூண்டு எண் 41

பாகாவ் ஆலையில் கழித்துப் போட்ட
ஆவிக்கொப்பரைதான் விண்கலத்தின் வயிறு.
மூக்கு கூராக வேண்டுமென்றார் முதல் இயக்குநர்.
வெட்டினேன்.
அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.
அடுத்தவருக்கு உருண்டையாக வேண்டுமாம்.
ஒட்டினேன்.

மூன்று வார மழையில்
வெள்ளிச் சாயம் வடிகாலில் போனது,
எனக்குச் சேரவேண்டிய வெள்ளியும்.
தலைக்கவசத்துக்குள் கொசு புகுந்து
நாயகன் முகிலரசு கத்திய கத்தலை
வேற்றுக்கிரகக் காட்சிக்கு வைத்துக்கொண்டார்கள்.

திரையில் பறந்தது கணினி செய்த கலம்.

என்னுடையது செம்பனை வரிசையில் கிடக்கிறது,
இறங்கியதா ஏறப்போகிறதா தெரியாமல்.
போன மாதம் கூகை ஒன்று உள்ளே முட்டையிட்டது.
எலிக்கணக்கு எழுதும் கிராணி
கதவில் சுண்ணாம்பால் எண் போட்டுப் போனார்.

ராத்திரி வேலை முடிந்து வருகையில்
இயந்திரமே வைக்காத இடத்திலிருந்து
ஒரு சீறல்.
மோட்டார்சைக்கிளை நிறுத்திக் கேட்கிறேன்.