குழாயின் உதடு

பாலிக் பூலாவில் மலை இறங்கும் ஓடை.
முழங்கால் நனைய நின்று
உளுவை எண்ணுகிறேன்.
நாளுக்கு எண்பது வெள்ளி,
சாப்பாடு நம்முடையது.

கட்டைவிரலில் பாதி இருக்கும்.
கூழாங்கல் நிறத்தில் முதுகு,
உச்சந்தலையில் ஒதுங்கிய இரண்டு கண்.
வயிற்றடித் துடுப்பு இரண்டும் ஒட்டி
ஒரு கிண்ணம்;
கவிழ்த்துக் கல்லைப் பிடித்துக்கொள்ளும்.
மழை வெள்ளத்தில் பெரிய மீன்கள் போய்விடும்,
இது போகாது.

போனது ஒரே முறைதான்.
பொரித்த அன்றே,
நூலிழைபோல், கடலுக்கு.
சில மாதம் உப்பில் வளர்ந்து
ஏதோ ஒரு நன்னீர் வாசனையைப் பிடித்து
ஏறி வரும்.
பிறந்த ஆறாகத்தான் இருக்க வேண்டும்
என்று கட்டாயமில்லையாம்.
தவநேசன் இதைச் சொன்னபோது
ஏனோ எனக்கு நிம்மதியாக இருந்தது.

படிவத்தில் ஒரு கட்டம்: பயன்.
உண்ணவா, விற்கவா, தொட்டியில் வளர்க்கவா?
"இல்லைன்னு போடும்மா, மழை வருது" என்றார்.
ஈரத்தில் பேனா எழுதவில்லை என்றேன்.
பேனா எழுதியது.

பாலத்தடியில் புதுச் சிமெண்டுக் குழாய்.
அதன் உதடு முழ நீளம் முன்னே துருத்தி
தண்ணீரை அந்தரத்தில் விடுகிறது.
அருவிப் பாறையில் ஒட்டி ஒட்டி ஏறுகிற மீனுக்குக்
காற்றில் ஏறத் தெரியாது.
குழாய்க்குக் கீழே நூற்றுப் பதினேழு.
மேலே நான்கு.
நான்கும் கிழடு.

டுரியான் தோட்டத்து பூன் ஹுவாட்
மோட்டார் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.
உள்ளங்கையில் ஒட்டியிருந்ததைக் காட்டினேன்.
இதற்கா சம்பளம் என்று சிரித்துவிட்டுப் போனார்.

போனவர் திரும்பி வந்தார்.
பழம் தரையில் விழாமல் மரத்தடியில் கட்டும் வலை,
போன பருவத்தில் கிழிந்தது,
தோளில் கிடந்தது.
குழாயின் உதட்டிலிருந்து தொங்கவிட்டோம்.
கயிறு போதவில்லை.
என் தலைத்துண்டைக் கிழித்துக் கட்டினேன்.
தவநேசன் பார்க்காததுபோல்
ஜீப்பில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் வெள்ளம், வேலையில்லை.
சனிக்கிழமை சம்பளமில்லை.
போனேன்.

வலையின் மூன்றாவது முடிச்சில்
ஒரு மூக்கு.
நீர் அறைய அறையக்
கிண்ணத்தைக் கவிழ்த்து ஓய்வெடுத்தது.
வெகுநேரம்.
என் கால் மரத்துப்போனது,
அட்டை ஒன்று வந்து குடித்துவிட்டும் போனது.
பிறகு ஒரு துள்ளல்.
நான்காவது முடிச்சு.

அதற்குமேல் நுரை மறைத்துவிட்டது.
மேலே ஐந்து என்று எழுதலாமா,
திங்கட்கிழமை கேட்க வேண்டும்.