நாற்பத்தெட்டு மில்லிமீற்றர்

இரவு டியூட்டி இறங்கி, சப்பாத்தும் மாற்றாமல்
காலை ஒன்பதரைக்குத் திருமலை வீதிக் கடைக்குள் ஏறினேன்.
நித்திரை கெட்ட கண்ணுக்கு
சுவரில் தொங்கிய கிற்றார் எல்லாம்
சேலைன் போத்தல்.
துளி எண்ணத் தொடங்கியிருந்தேன்,
"என்ன மிஸ் பார்க்கிறீங்க" என்றார் டெரன்ஸ் ரேகல்.

கிளாசிக் ஒன்றை முதலில் இறக்கினார்.
கழுத்து ஐம்பத்திரண்டு மில்லிமீற்றர்.
கல்லடிப் புதுப்பாலம்தான்.
என் சுண்டுவிரல் நடந்து நடந்து
நடுவில் நின்று வாவியைப் பார்த்தது.

மறுகா ஸ்டீல்.
அது பழைய பாலம்:
ஒரு விரல் வந்தால்
எதிரே வருவது ஒதுங்கி நிற்க வேணும்.
பதினாறு வயதிலிருந்து நான் அடிப்பது அந்த வகைதான்,
கோயிலில், கலியாண வீட்டில்.
அண்ணனின் கிற்றார்; அவன் கட்டாருக்குப் போன பிறகு என்னுடையது.
பிழை சொல்ல மாட்டேன். ஆனால்

போன மாதம் ஏழாம் வார்டில்
நீர் வற்றிய ஒரு பிள்ளை, பதினொரு மாதம்.
புறங்கையைத் தடவுகிறேன், தடவுகிறேன்,
என் இடக்கைச் சுட்டுவிரலுக்கு
நரம்பு தட்டுப்படவில்லை.
காய்த்துப்போன நுனி.
பக்கத்துக் கட்டிலிலிருந்து ஓடிவந்து
ஜெஸீமாதான் ஊசி ஏற்றினாள், ஒரே குத்து.
தாய்க்காரி என்னைப் பார்க்கவில்லை.
நானும் அவளைப் பார்க்கவில்லை.

நரம்பு என்ற ஒரே சொல்லை
இரண்டுக்கும் வைத்தவர்கள்
இதை யோசித்திருக்க மாட்டார்கள்.

நைலோன் தாங்க என்றேன்.
கதையை அவருக்குச் சொல்லவில்லை.
என் வலக்கையைப் பார்த்தார்:
"நைலோனுக்கு நகம் வேணுமே மிஸ்."
நகமா.
எங்கள் மேட்ரன் திங்கட்கிழமை தோறும்
கையை விரிக்கச் சொல்கிற ஆள்.
சதையாலேயே மீட்டுகிறேன், மங்கலாய்க் கேட்டால் கேட்கட்டும்.

உள்ளே போய்த் தூசு தட்டிக்கொண்டு வந்தார்.
குறொஸ்ஓவர்.
நைலோன் நரம்பு, நாற்பத்தெட்டு மில்லிமீற்றர்,
வாழைமட்டை முதுகு போல விரற்பலகையில் லேசாய் ஒரு வளைவு,
ஒடுங்கிய உடம்பு,
ஒரு தோளை மட்டும் யாரோ
கொய்யாப்பழம் போலக் கடித்தெடுத்திருந்தார்கள்.
எஃப் பிடித்தேன்.
விரல்கள் இடித்துக்கொள்ளவில்லை, தேடி அலையவுமில்லை.
மூன்றாம் நரம்பு மட்டும் ஈரச்சாக்கு.
"நைலோனில எல்லாத்திலயும் அது அப்பிடித்தான்,
காபன் நரம்பு ஒண்டு தாறன், சும்மா."

இதின்ட உண்மையான சத்தத்தைக் கேளுங்க என்று
அம்பில் வயரைச் செருகினார்.
கரண்ட் போனது.
காற்றாடி ஓய்ந்தது.
தெருவில் ஒரு மீன்காரரின் ஹோர்ன், மறுகா அதுவும் இல்லை.
வயரில்லாமல் வாசித்தேன்.
பக்கத்துக் கட்டிலுக்கே எட்டாத குரல்.
"வயிறு மெலிசு, அதான். கரண்ட் வரட்டும் மிஸ்."
மன்னிப்புக் கேட்கிற மாதிரி நிற்கிறார் மனுசன்.
நான் அதற்குள்
எங்கள் குவார்ட்டர்ஸ் அறையை அளந்துவிட்டேன்:
இரண்டு கட்டில், நடுவே நாலடி,
பகலில் தூங்குகிற ஒரு நிந்தவூர்க்காரி.

ஒரு லட்சத்து நாற்பத்தையாயிரம்.
மூன்று மாத ஓவர்டைம்.
ஐயாயிரம் குறைத்தார், உறை தரவில்லை.
கரண்ட் வருமுன்னே காசைக் கொடுத்து
உரப்பையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினேன்.

ஜெஸீமா சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள்.
திரைச்சீலையை இழுத்துவிட்டு
ஒரு பைலாவை அரை வேகத்தில்,
சதை விரலால்,
நாலடிக்குள் அடங்குகிற மாதிரி
இருபது நிமிடம்.
நுனி நோகவில்லை.
அவள் கிறுகிப் படுக்கவுமில்லை.
கணக்குச் சரி என்று உரப்பையை மடிக்கிறேன்,
போர்வைக்குள்ளிருந்து வருகிறது:
"கொஞ்சம் சத்தமா அடி புள்ள,
ஒண்ணும் கேக்குதில்ல."