உப்புச் சோதனை

அக்கினி நட்சத்திரம் தொடங்கி நாலாம் நாள்.
காரைக்குடி. பகல் மூன்று மணி.
மின்விசிறிக்கு நேர் கீழே நிற்கிறாள் பொற்கொடி:
உடம்போடு ஒட்டிய கம்பளி உள்சட்டை,
மேலே தடித்த பஞ்சுச் சட்டை,
அதற்கும் மேலே சிவப்பு மழைக்கோட்டு.
"மூச்சு முட்டுது.
அப்ப சரியாத்தான் இருக்கு" என்கிறாள்.

நாற்பது மாதச் சீட்டு.
இருபத்தெட்டாம் மாதம் தள்ளி எடுத்தாள்.
வளையல் வாங்குவாள் என்றிருந்தேன்.
சீட்டுப் பணத்தில் கப்பல் சீட்டு வாங்கினாள்,
ரெண்டு பேருக்கு, நார்வேக்கு, ஐப்பசியில்,
பகல் நாளுக்கு நாள் சுருங்கும் கடலில்.

எனக்குக் கப்பலைத் தெரியும்.
அதாவது அதன் தோலை,
அதிலும் உள்ளங்கை அகலம்.
கடல் பார்க்கத் தொண்டிக்குப் பஸ் ஏற வேண்டிய ஊரில்
முப்பத்தொரு வருடம் ஆய்வுக்கூடத்தில்
இரும்புத் தகட்டுக்குப் பூச்சு பூசி,
உப்புத் தூறல் போடும் பெட்டிக்குள் தொங்கவிட்டு,
ஆயிரம் மணி நேரம் கழித்து வெளியே எடுத்து
துருப்புள்ளிகளை எண்ணி நோட்டில் எழுதியவன்.

அந்தத் தைரியத்தில்தான் வாயைத் திறந்தேன்.
அடிப்பூச்சு ஒட்டிக்கொள்ளணும்,
நடுப்பூச்சு தாங்கிக்கொள்ளணும்,
மேல்பூச்சு அடியெல்லாம் வாங்கிக்கொள்ளணும்.
"நான் என்ன தகடா?" என்றாள்.
பருத்தி மட்டும் உடம்பில் படவே கூடாது, என்றேன்,
நனைந்தால் விடாது,
குளிரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.
கொடியில் காயும் கண்டாங்கியைத் திரும்பிப் பார்த்து
"மெதுவாச் சொல்லுங்க,
அதுக்குக் கேட்டுறப் போகுது" என்றாள்.

செக்காலை ரோட்டில் கடை கடையாக ஏறினோம்.
குரங்குக் குல்லாய் ஒன்றைத் தூசி தட்டி எடுத்தவர்
"ஊட்டியா, கொடைக்கானலா?" என்றார்.
"அதுக்கு மேலே."
"அதுக்கு மேலே கைலாசம்தான் ஆச்சி."

பிறகு எல்லாம் கூரியரில் வந்தது.
முதலில் வந்த கோட்டு
மற்ற இரண்டுக்கும் மேலே ஏற மறுத்தது,
கையைத் தூக்கினால் இடுப்பு தெரிந்தது.
சட்டைக்கு அல்ல, சட்டைகளுக்கு அளவெடுக்கணும்
என்று அன்றைக்குத்தான் புரிந்தது.
திருப்பி அனுப்பினோம்.
சாம்பல் நிறத்தில் தள்ளுபடி, நான் காட்டினேன்.
அவள் சிவப்பைத் தொட்டாள்.
"கடல்ல விழுந்தா
கண்ணுக்குத் தெரியணும்ல?"

இன்றைக்குச் சோதனை.
குளியலறையில் நிற்கவைத்து
வாளி வாளியாகத் தலையில் ஊற்றினேன்.
சேம்பிலையில் உருள்வதைப் போல்
முத்து முத்தாக உருண்டு ஓடியது.
மூன்றாம் வாளிக்குச் சிரிக்கத் தொடங்கினாள்,
ஐந்தாம் வாளிக்குக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

கழற்றினால்
இடது தோள்பட்டையில் ஈரம்.
தையல் வழியா? வியர்வையா?
ஊசித்துளை ஒன்று போதும்,
அதன் வழியே முழுத் தகடும் போனதை
எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.
அவள் முகம் விழுந்துவிட்டது.
"திருப்பி அனுப்பணுமா இதையும்?"

விரலால் தொட்டேன். நாக்கில் வைத்தேன்.
சம்பை ஊற்றுத் தண்ணீரில் உப்பு கிடையாது,
ஊருக்கே தெரியும்.
இது கரித்தது.

"தேறிருச்சு" என்றேன்.
"இதுக்கா உங்களுக்கு
மாசா மாசம் சம்பளம் குடுத்தாங்க?"

கையுறை இன்னும் வாங்கவில்லை.
புடவைக்கு உள்ளேயா மேலேயா அந்தக் கால்சட்டை,
அதற்கும் பதில் இல்லை.
கண்டாங்கி எப்போதோ காய்ந்துவிட்டது.
அதன் பக்கத்தில் சிவப்புக் கோட்டை மாட்டிவிட்டு
காலி வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்:
"நாளைக்கு உங்களுது.
நான் ஊத்துறேன்."

என்னுடையது சாம்பல் நிறம், தள்ளுபடியில் வந்தது.
அந்தத் தையலை
இப்போதே நான் நம்பவில்லை.